பூண்டை மருந்தாக்கும் வாதம் எங்கே உடைகிறது?

வெங்காயமும் பூண்டும் மருந்து என்பது இன்று தமிழ் வீடுகளில் யாரும் கேள்வி கேட்காத உண்மையாகிவிட்டது. காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பல் பூண்டு தின்றால் ரத்த அழுத்தம் இறங்கும். பச்சைச் சின்ன வெங்காயம் கொலஸ்ட்ராலைக் கரைக்கும். இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறுகளை ஆப்பிள் சிடர் வினிகரோடு காய்ச்சித் தேன் கலந்து குடித்தால் இதய அடைப்பு நீங்கி, பைபாஸ் அறுவைக்கே தேவை இராது. நலவாழ்வுப் பக்கங்களும் யூடியூப் காணொளிகளும் வாட்ஸ்அப் செய்திகளும் இவற்றை ஒரே குரலில் சொல்கின்றன. பழைய பாட்டி வைத்தியத்துக்கு அறிவியல் முத்திரை குத்த எல்லோரும் எடுத்தாளும் சொல் ஒன்றுதான்: ஆன்டிஆக்ஸிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள். அந்தச் சொல்லை வைத்துக் கட்டிய வாதம் எந்த இடத்திலும் தாங்குவதில்லை என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. வெங்காயமும் பூண்டும் நல்ல உணவு என்பதில் எனக்கு மறுப்பில்லை. உணவை மருந்தின் இருக்கையில் உட்கார வைப்பதைத்தான் மறுக்கிறேன்.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலிமையோடு சொல்லிவிட வேண்டும். உடலில் ஓயாமல் நடக்கும் வேதிவினைகளில் தனிஉறுப்புகள் என்னும் நிலையற்ற மூலக்கூறுகள் பிறக்கின்றன. அவை கொழுப்பையும் புரதத்தையும் மரபணுவையும் தாக்கிச் சிதைக்கின்றன. முதுமையும் மாரடைப்பும் புற்றுநோயும் அந்தச் சிதைவின் விளைவுகள். 1956-இல் டென்ஹாம் ஹார்மன் முன்வைத்த கோட்பாட்டின் சாரம் இது. வெங்காயத்தில் குவெர்செடின் என்ற ஃபிளேவனாய்டு மிகுதி. பூண்டில் கந்தகச் சேர்மங்கள் மிகுதி. இரண்டுமே சோதனைக் குழாயில் தனிஉறுப்புகளை அடக்குகின்றன. 1944-இல் அமெரிக்க வேதியியலர் செஸ்டர் கவாலிட்டோவும் ஜான் பெய்லியும் பூண்டிலிருந்து பிரித்தெடுத்த அல்லிசின் பாக்டீரியாக்களைக் கொல்கிறது. நெதர்லாந்தின் சூட்ஃபன் நகரில் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து 1993-இல் வெளியான ஆய்வில், தேநீர், வெங்காயம், ஆப்பிள் வழியாக ஃபிளேவனாய்டுகளை அதிகம் உண்டவர்கள் இதய நோயால் இறப்பது குறைவாக இருந்தது. இவற்றோடு பல நூற்றாண்டுப் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. இத்தனை சான்றுகள் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகப்படுவது வீம்பு என்பது அவர்கள் முடிவு. அந்த முடிவை ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. பூண்டின் வீரியத்துக்குச் சூட்டிய பெயரே தவறு. உரிக்காத பூண்டில் அல்லிசின் கிடையாது. அல்லீன் என்ற பொருள் ஓர் அறையிலும், அல்லீனேஸ் என்ற நொதி வேறோர் அறையிலும் தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போதோ கடிக்கும்போதோ சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. சில நொடிகளில் அல்லிசின் உருவாகிறது. பூச்சியும் பூஞ்சையும் தன்னைத் தின்னாமல் இருக்க அந்தச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. அந்த ஆயுதம் எப்படி வேலை செய்கிறது? நுண்ணுயிரியின் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளை ஆக்சிஜனேற்றம் செய்து முடக்குகிறது. அதாவது பூண்டின் புகழ்பெற்ற கிருமிக்கொல்லித் திறன் முழுக்க முழுக்க ஓர் ஆக்சிஜனேற்றி செய்யும் வேலை. நாயோ பூனையோ வெங்காயமும் பூண்டும் அதிகம் தின்றால் என்ன ஆகிறது என்பது கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த சேதி: இதே குடும்பக் கந்தகச் சேர்மங்கள் சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றி உறையச் செய்கின்றன, அணுக்கள் உடைகின்றன, கடும் ரத்தசோகை வருகிறது. மனிதச் சிவப்பணுக்கள் இதைத் தாங்கும் வல்லமை கொண்டவை என்பதால் நமக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனாலும் ஓர் உயிரினத்தின் ரத்தத்தை ஆக்சிஜனேற்றத்தால் அழிக்கும் பொருளை, அதே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் என்று மட்டும் விளம்பரம் செய்வது வேதியியலுக்குச் செய்யும் அநியாயம். இந்தச் சேர்மங்கள் தரும் சிறு தாக்குதலால் உயிரணு தன் சொந்தத் தற்காப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் இப்போது விளக்குகிறார்கள். அந்த விளக்கம் சரியென்றால், பலன் சிறு சீண்டலிலிருந்து வருகிறது. அதிகம் தின்றால் அதிகப் பலன் என்ற கணக்கு அங்கேயே விழுந்துவிடுகிறது.

2. சோதனைக் குழாய்க்கும் ரத்தத்துக்கும் நடுவே குடலும் கல்லீரலும் இருக்கின்றன. நூறு கிராம் வெங்காயத்தில் ரகத்தைப் பொறுத்து ஏறத்தாழ 20 முதல் 40 மில்லிகிராம் குவெர்செடின் இருக்கும். 1995-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்று, வெங்காயத்திலுள்ள குவெர்செடினில் பாதியளவு உடலுக்குள் செல்கிறது என்று காட்டியது. எதிர்த்தரப்பு இதை ஆர்வத்தோடு மேற்கோள் காட்டும். அதற்குப் பிறகு நடப்பதைச் சொல்லாது. உள்ளே சென்ற குவெர்செடினைக் குடற்சுவரும் கல்லீரலும் உடனே வேறு மூலக்கூறுகளோடு பிணைத்து, வெளியேற்றத் தோதான வடிவத்துக்கு மாற்றுகின்றன. சோதனைக் குழாயில் பரிசோதித்த மூலக்கூறும் ரத்தத்தில் ஓடும் மூலக்கூறும் ஒன்றல்ல. அளவிலும் பெரும் வேறுபாடு. வெங்காயம் நிறைந்த உணவுக்குப் பின் ஒரு லிட்டர் ரத்தத்தில் அது பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரோமோலைத் தாண்டுவதில்லை. வைட்டமின் சி ஐம்பது மைக்ரோமோல் அளவில் ஏற்கெனவே இருக்கிறது. யூரிக் அமிலம் சில நூறு மைக்ரோமோல் இருக்கிறது. யூரிக் அமிலமும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருளே, ரத்தத்தில் அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்வதும் அதுவே. அது கூடினால் வருவது கீல்வாதம். ஆன்டிஆக்ஸிடன்ட் எவ்வளவு கூடினாலும் நல்லது என்பவர்கள் யூரிக் அமிலத்தைப் பற்றி என்ன சொல்வார்கள்? அமெரிக்க வேளாண் துறை, உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் திறனைப் பட்டியலிட்டிருந்த தன் தரவுத்தளத்தை 2012-இல் தானே நீக்கிவிட்டது. அந்த எண்களுக்கும் மனித உடலில் நிகழும் விளைவுக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை, விற்பனையாளர்கள் அவற்றைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அத்துறை சொன்ன காரணம். பட்டியலை உருவாக்கியவர்களே கைவிட்ட அளவுகோலை நம் நலவாழ்வுப் பக்கங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

3. ஆன்டிஆக்ஸிடன்ட் கோட்பாடு மனிதர்களிடம் நேரடியாகச் சோதிக்கப்பட்டது, தோற்றது. இது ஊகம் இல்லை, மருத்துவ வரலாறு. பீட்டா கரோட்டின் நிறைந்த காய்கனி உண்பவர்களுக்கு நுரையீரல் புற்று குறைவு என்று கண்டு, பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பழக்கத்தினரிடம் பெரும் சோதனை நடத்தினார்கள். 1994-இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. புகைப்பவர்களிடமும் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களிடமும் அமெரிக்காவில் நடந்த கேரட் (CARET) என்ற சோதனை, தீங்கு தெரிந்ததால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அங்கு 28 சதவீத உயர்வு. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த செலக்ட் சோதனையில், வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்று 17 சதவீதம் கூடியது என்று 2011-இல் தெரியவந்தது. இவை பூண்டைச் சோதித்த ஆய்வுகள் அல்ல என்பது உண்மை. ஆனால் பூண்டுக்காக வாதிடுவோர் எந்தத் தர்க்கத்தில் நிற்கிறார்களோ, அதே தர்க்கத்தைத்தான் இவை சோதித்தன: தனிஉறுப்புகள் கெட்டவை, அவற்றை அடக்கும் பொருள் நல்லது, ஆகவே அதை உண்டால் நோய் வராது. முதல் இரண்டு வாக்கியங்களும் ஓரளவு சரியாக இருந்தும் மூன்றாவது பொய்த்தது. உடல் தனிஉறுப்புகளைக் கழிவாக மட்டும் கருதுவதில்லை. கிருமிகளைக் கொல்லவும், அணுக்களிடையே சேதி அனுப்பவும், உடற்பயிற்சிக்குத் தசைகளைப் பழக்கவும் அவற்றைப் பயன்படுத்துகிறது. எதையெல்லாம் அடக்குகிறோம் என்று தெரியாமல் அடக்குவது மருத்துவமாகாது.

4. ஆய்வில் இருக்கும் பூண்டும் அடுப்படியில் இருக்கும் பூண்டும் வேறு. பூண்டு என்று ஒரே சொல்லில் நாம் குறிப்பிடுவது வேதியியலில் பல பொருள்கள்: பச்சையாக நசுக்கியது, காயவைத்துப் பொடித்தது, ஆவியில் வடித்த எண்ணெய், பல மாதம் ஊறவைத்துப் பதப்படுத்திய சாறு. ஒவ்வொன்றிலும் கந்தகச் சேர்மங்களின் கூட்டு வேறு. பதப்படுத்திய சாற்றில் அல்லிசின் அநேகமாக இருப்பதே இல்லை. அதன் பேர் சொல்லும் சேர்மம் வேறொன்று. நம் சமையலில் முழுப் பற்களைக் காய்ந்த எண்ணெயில் போட்டு வதக்குகிறோம். வெப்பம் அல்லீனேஸை அழித்துவிடுவதால் அல்லிசினில் பெரும்பகுதி பிறக்கவே வழியில்லை. பூண்டுக் குழம்பின் இனிப்பும் மென்மையும் அந்தக் காரம் பிறக்காமல் போனதன் அடையாளங்கள். மணத்துக்கு அஞ்சி முழுப் பல்லைக் கடிக்காமல் தண்ணீரோடு விழுங்குவோரின் வயிற்றிலும் இதே கதை: இரைப்பை அமிலத்தில் அந்த நொதி செயலிழக்கிறது. வினிகரும் எலுமிச்சையும் சேர்த்துக் காய்ச்சும் இதய அடைப்பு மருந்தில் அமிலம், வெப்பம் இரண்டும் ஒருசேர இருக்கின்றன. அல்லிசினைப் பாதுகாக்க வேண்டும் என்று நினைப்பவர் கையாளக் கூடாத இரண்டு முறைகள் அவை. நசுக்கிப் பச்சையாகவே தின்றாலும், ரத்தத்தில் அல்லிசின் நிமிடங்களுக்குள் மறைந்துவிடுகிறது. பூண்டு தின்றவரின் ரத்தத்திலோ சிறுநீரிலோ அல்லிசினை ஆய்வாளர்கள் கண்டதில்லை. கவாலிட்டோ அதைப் பிரித்தெடுத்து எண்பது ஆண்டுகளாகியும் அது உள்ளுக்குத் தரும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாக வராததற்கு இந்த நிலையின்மை முக்கியக் காரணம். எந்தப் பூண்டு, எந்தப் பக்குவம், எத்தனை கிராம், எவ்வளவு நாள் என்று சொல்லாத மருத்துவக் குறிப்பு அளவில்லாத குறிப்பு. அளவில்லாததை மருந்து என்று சொல்ல முடியாது.

5. மனிதர்களிடம் நடந்த சோதனைகள் சொல்வது, அடக்கமான சிறு நம்பிக்கையும் பல ஏமாற்றங்களும். கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்வோம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டஃபர் கார்ட்னர் குழு 2007-இல் வெளியிட்ட சோதனை, அதுவரையான ஆய்வுகளின் குறைகளை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. கெட்ட கொலஸ்ட்ரால் எனப்படும் எல்.டி.எல். ஓரளவு உயர்ந்திருந்த 192 பேர் நான்கு குழுக்களானார்கள். பச்சைப் பூண்டு, பூண்டுப் பொடி மாத்திரை, பதப்படுத்திய சாற்று மாத்திரை, வெற்று மாத்திரை. வாரம் ஆறு நாள், ஆறு மாதம். எந்தக் குழுவிலும் எல்.டி.எல். குறிப்பிடத்தக்க அளவு மாறவில்லை. ரத்த அழுத்தத்தில் நிலைமை சற்று வேறு: உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த சிறு ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான பகுப்பாய்வு, மேல் அளவில் சராசரியாக 8 மில்லிமீட்டர் பாதரசம் குறைவதாகக் கண்டது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, குறுகிய காலம் நடந்தவை, அளவிட்ட பொடியையோ சாற்றையோ தந்தவை. அடுப்படிப் பூண்டை அல்ல. பூண்டு மாரடைப்பையும் மரணத்தையும் குறைக்கிறதா என்று தேடிய, சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு மதிப்பாய்வுக்குத் தகுதியான சோதனைகள் இரண்டுதான் கிடைத்தன. ஆம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அது முடித்தது. சளிக்குப் பூண்டு என்பதற்கு ஒரே ஒரு தகுதியான சோதனையை இன்னொரு காக்ரன் மதிப்பாய்வு கண்டது: 146 பேர், பன்னிரண்டு வாரம், பூண்டு தரப்பில் 24 முறை சளி, மறுதரப்பில் 65 முறை. ஆர்வமூட்டும் முடிவு, ஆனால் சளி பிடித்ததா என்று பங்கேற்றவர்களே குறித்துத் தந்த ஒற்றைச் சோதனையின் மேல் ஒரு மருத்துவத்தைக் கட்ட முடியாது.

புற்றுநோய் பற்றிய சான்றைத் தனியே பார்க்க வேண்டும், ஏனெனில் எதிர்த்தரப்பின் மிகப் பெரிய ஆய்வு அங்கேதான் இருக்கிறது. சீனாவின் ஷாண்டோங் மாகாணத்தில் இரைப்பைப் புற்று அதிகம். பூண்டு, வெங்காயக் குடும்பக் காய்களை அதிகம் உண்பவர்களுக்கு அது குறைவு என்று 1989-இல் ஓர் ஒப்பீட்டு ஆய்வு கண்டது. அந்த நம்பிக்கையில் அம்மாகாணத்தின் லின்ச்சு வட்டாரத்தில் மூவாயிரத்துக்கும் அதிகமானோரிடம் 1995-இல் சோதனை தொடங்கி, ஏழாண்டுக்கு மேல் பூண்டுச் சாறும் எண்ணெயும் மாத்திரையாகத் தந்தார்கள். முதல் முடிவில், புற்றுக்கு முந்தைய புண்களையோ இரைப்பைப் புற்றையோ பூண்டு குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க இரண்டே வாரம் தந்த நுண்ணுயிர்க்கொல்லி சிகிச்சை புண்களைக் குறைத்தது. 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியிட்ட முடிவில், பூண்டு எடுத்தவர்களிடம் இரைப்பைப் புற்று மரணம் குறைந்திருந்தது. ஆனால் புற்று வருவது உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. மேலும் ஆராயத் தகுந்த சேதி என்பதில் ஐயமில்லை. அந்த வட்டாரத்தில், அந்தக் கிருமி பரவலாக உள்ள மக்களிடம், அந்தக் குறிப்பிட்ட தயாரிப்பில், பல்லாண்டு கழித்துத் தெரிந்த விளைவு அது. அதை எடுத்துவந்து, பூண்டு புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று காணொளிக்குத் தலைப்பிடுவது அந்த ஆய்வாளர்களின் உழைப்பைத் திரிப்பது.

6. தீங்கில்லாத பொருள்தானே என்ற சமாதானமும் நிற்காது. பலன் தரும் அளவுக்கு வீரியம் உள்ள பொருள் பக்கவிளைவு தரும் அளவுக்கும் வீரியம் உள்ளதாகவே இருக்கும். முன்னதை ஒப்புக்கொண்டு பின்னதை மறுக்க இயலாது. பூண்டு ரத்தத் தட்டணுக்களின் ஒட்டும் தன்மையைக் குறைக்கிறது. ஆகவே ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உண்பவர்களும் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களும் பூண்டு மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பூண்டு மாத்திரை எடுத்தவர்களின் ரத்தத்தில் சாக்வினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு பாதியாகக் குறைந்தது. பச்சைப் பூண்டை அரைத்துத் தோலில் கட்டி வைத்தவர்களுக்கு ரசாயனத் தீக்காயம் ஏற்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன; குழந்தைகளும் அவர்களில் உண்டு. அமிலம் சேர்க்காமல் எண்ணெயில் ஊறவைத்த பூண்டில் பாட்டுலிசம் என்னும் உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமி வளரலாம். 1985-இல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் அப்படித்தான் 36 பேர் பாதிக்கப்பட்டார்கள். எரிச்சல்மிகு குடல் நோய் உள்ளவர்களுக்கு வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான்கள் வயிற்று உப்புசத்தையும் வலியையும் தூண்டுகின்றன. இவை எதுவும் சமையலில் பூண்டு சேர்ப்பதைத் தடுக்கும் காரணங்கள் ஆகா. மருந்தளவில் உண்ணச் சொல்பவர்கள் மருந்துக்குரிய எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

இவை எல்லாவற்றிலும் பெரிய தீங்கு பூண்டுக்குள் இல்லை. பூண்டை நம்பிக் கைவிடும் சிகிச்சையில் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் வயதுவந்தோரில் 35.5 சதவீதத்தினருக்கு உயர் ரத்த அழுத்தம். 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். இந்த நோய்கள் வலிப்பதில்லை. வலிக்காத நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை உண்ண மனம் மறுப்பது இயல்பு. அந்த மறுப்புக்குச் சாக்காக வந்து நிற்கிறது இரண்டு பல் பூண்டு. மாத்திரையை நிறுத்திய நாளில் எதுவும் நடக்காது. ஆறு மாதமோ ஆறு ஆண்டோ கழித்துப் பக்கவாதம் வரும்போது, பூண்டு வைத்தியம் சொன்ன காணொளியை யாரும் நினைவில் வைத்துக் கணக்குக் கேட்பதில்லை. நெஞ்சு அடைப்புக்குச் சாறு காய்ச்சிக் குடித்துக்கொண்டு ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுபவரின் இதயத் தசை ஒவ்வொரு நாளும் ஆபத்தில் இருக்கிறது. தமனிச் சுவருக்குள் சுண்ணாம்பும் கொழுப்பும் நாரும் சேர்ந்து இறுகிய படிவை எந்தச் சாறும் குடல் வழியே சென்று கரைக்காது.

பல நூற்றாண்டுப் பழக்கம் பொய்யாகுமா என்று கேட்பார்கள். பழக்கம் ஒரு நல்ல கேள்வி. விடையாக அதை வைக்கக் கூடாது. சீனாவின் தூ யூயூ நான்காம் நூற்றாண்டு மருத்துவ நூல் ஒன்றில் மலேரியாவுக்கு ஒரு செடியைக் கண்டார். அந்த நூலை வணங்கி நின்றுவிடவில்லை. கொதிக்க வைத்தால் வீரியம் கெடுகிறது என்று கண்டு, குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்து, விலங்கிலும் மனிதரிலும் சோதித்து, அளவை நிர்ணயித்தார். ஆர்ட்டெமிசினின் பிறந்தது, 2015-இல் நோபல் பரிசும் வந்தது. மரபுக்கு அவர் செய்த மரியாதை அதைச் சோதித்ததுதான். சித்த மருத்துவமும் பூண்டை மனம்போனபடி தின்னச் சொன்னதில்லை. நோயாளியின் உடல்வாகு, பக்குவம், துணைமருந்து, பத்தியம் எல்லாவற்றோடும் சேர்த்தே சொன்னது. அவற்றை எல்லாம் உதிர்த்துவிட்டு ஒற்றை வரிக் குறிப்பாக்கியவர்கள் மரபின் பெயரைச் சொல்ல உரிமையற்றவர்கள்.

மருந்து நிறுவனங்கள் தங்கள் வியாபாரத்துக்காகப் பூண்டின் பெருமையை மறைக்கின்றன என்பது கடைசி வாதம். காப்புரிமை எடுக்க முடியாத பொருளில் பெருநிறுவனங்கள் பணம் போடத் தயங்கும் என்பது நியாயமான குற்றச்சாட்டே. ஆயினும் மேலே சொன்ன ஸ்டான்ஃபோர்டு சோதனையும் லின்ச்சு சோதனையும் பொது நிதியின் துணையோடு பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் நடத்தியவை. பூண்டு மாத்திரை விற்பதும் உலகளாவிய பெருவியாபாரமே. அதற்கும் தன் லாபம் உண்டு. இயற்கைப் பொருளில் வீரியம் தெரிந்தால் மருந்துத் துறை அதை ஒதுக்கியதும் இல்லை: அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து எடுத்த பொருளே இன்றைய ஸ்டாட்டின் மருந்துகளின் மூதாதை. எல்.டி.எல்.-ஐ அவை 30 முதல் 50 சதவீதம் வரை குறைக்கின்றன. மாரடைப்பைக் குறைக்கின்றன என்பது ஆயிரக்கணக்கானோரிடம் நிறுவப்பட்டது. பூஞ்சை அந்தத் தேர்வை எழுதித் தேறியது. பூண்டு அதே தேர்வை எழுதி, ரத்த அழுத்தத்தில் ஓரளவு மதிப்பெண்ணும் கொலஸ்ட்ராலில் தோல்வியும் பெற்றது.

ஆகவே கேட்பது இதுதான். ரசத்திலும் குழம்பிலும் ஊறுகாயிலும் பூண்டைத் தாராளமாகப் போடுங்கள்; சாம்பாரில் சின்ன வெங்காயம் நிறையட்டும்; காய்கறி மிகுந்த உணவின் பகுதியாக அவை நன்மையே செய்யும். மருந்து என்ற சொல்லை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும்; எந்த நோய்க்கு, எந்த வடிவில், எத்தனை அளவு, யாரிடம் சோதித்தது, என்ன தீங்கு, எந்த மாத்திரையோடு சேராது என்ற ஆறு கேள்விகளுக்கான பதில்தான் அந்த விலை. இதைச் சொல்ல முடியாத எவரும், அவர் மருத்துவரே ஆனாலும், பூண்டை மருந்து என்று பரிந்துரைக்கக் கூடாது. பத்திரிகை அதை அச்சிடக் கூடாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுக்கு மாறியிருப்பவர் இன்றே ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். அந்த எண்ணை வைத்துத் தம் மருத்துவரிடம் பேச வேண்டும்.